குட்டை மர வில்லு, முதுகுல மாட்டு நரம்பு: அது அங்க உண்மையில என்னதான் பண்ணுது?

டீக்கடையில வில்லு பேச்சு எடுத்தா போதும், யாராச்சும் ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாரு, "அந்தக் காலத்து வில்லுல மாட்டு நரம்பு ஒட்டுவாங்க, அதான் அவ்ளோ பவரு"ன்னு. பக்கத்துல உக்காந்திருக்கவரு, இல்ல இல்ல, அது நாண் கயிறு திரிக்கத்தான் போட்டாங்கன்னுவாரு. மூணாவது ஆளு மங்கோலியால ஆரம்பிச்சு செங்கிஸ்கான் வரைக்கும் போயிட்டுதான் டீயே குடிப்பாரு. மூணு பேரு சொல்றதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா அந்த நரம்பை வில்லோட எந்தப் பக்கம் ஒட்டுறாங்க, ஒட்டுனா மரத்துக்கு என்ன ஆகுதுன்னு கேட்டா யாருக்கும் பதில் வராது.

மலேசியாவுல சுங்கை சிப்புட் மாதிரி நாலு பக்கமும் செம்பனையும் கித்தாவும் (ரப்பர் மரம்) இருக்குற ஊர்ல உக்காந்துகிட்டு இதை செய்யப் பாக்குறவங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு. இந்த மாதிரி வில்லு பொறந்து வளந்த ஊருங்க முக்காவாசி காஞ்ச ஊரு. நம்ம ஊரு அப்படி இல்லன்னு உங்களுக்கே தெரியும். அதுக்கு கடைசியில வருவோம்.

வளைக்கிறப்ப மரத்துக்குள்ள நடக்குறது

வாசல்ல கெடக்குற ஜப்பான் சிலிப்பர்ல (ரப்பர் செருப்பு) ஒண்ணை எடுத்துக்குங்க. அதோட தடிமன் தெரியுற ஓரத்துல, பேனாவால அரை இஞ்சுக்கு ஒரு கோடு மேலேர்ந்து கீழ வரைக்கும் போடுங்க. இப்ப ரெண்டு முனையையும் புடிச்சு வளைச்சுப் பாருங்க. வெளிப்பக்கம் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல எடம் விரியும், உள்பக்கம் கோடெல்லாம் கிட்ட கிட்ட வந்து ரப்பர்ல சுருக்கம் விழும், நட்ட நடுவுல மட்டும் கோடுங்க இருந்த மாதிரியே இருக்கும்.

வில்லும் இதேதான். நீங்க வில்லை புடிச்சு நிக்கிறப்ப குறியைப் பாத்து இருக்குற பக்கத்துக்குப் பேரு முதுகு, உங்களைப் பாத்து, அதாவது நாண் இருக்குற பக்கம், வயிறு. நாணை இழுக்க இழுக்க முதுகு நீளும், வயிறு நசுங்கும். நடுவுல நீளவும் செய்யாம நசுங்கவும் செய்யாம இருக்குற அந்த அடுக்கை நடுத்தளம்னு வச்சிக்குவோம். நடுத்தளத்துலேர்ந்து எவ்ளோ தூரம் தள்ளிப் போறோமோ அவ்ளோ கஷ்டம் மரத்துக்கு, அதனால எல்லா ஆபத்தும் மேல்தோல்லதான், ஒண்ணு முதுகுத் தோல்ல, இல்ல வயித்துத் தோல்ல.

இந்த ரெண்டு பக்கமும் கெட்டுப் போற விதம் வேற வேற. வயிறு தாங்கலன்னா மெதுவா நசுங்கி, சின்ன சின்னதா குறுக்கு மடிப்பு விழுந்து, வில்லு நாணை அவுத்த பிறகும் வளைஞ்சே நிக்கும். இப்படி நிரந்தரமா வளைஞ்சு போறதை செட்டுன்னு சொல்லுவாங்க. வில்லு சோம்பேறி ஆயிரும், ஆனா உங்க மூஞ்சி தப்பிச்சிரும். முதுகு தாங்கலன்னா அப்படி இல்ல, ஒரு நார் கிளம்பும், அது பக்கத்து நாரை இழுக்கும், கண்ணை மூடி தொறக்குறதுக்குள்ள ரெண்டு துண்டு.

இதுவரைக்கும் பாத்தது: முதுகு நீளுது, வயிறு நசுங்குது, முதுகு போனா சொல்லாம கொள்ளாம போயிரும்.

குட்டையா செஞ்சா மரத்துக்கு ஏன் கஷ்டம்

நெறைய பேரு குட்டை வில்லுன்னா சின்னப் பசங்க வில்லு, லேசானதுன்னு நெனைக்கிறாங்க. மரத்தைக் கேட்டா அது வேற சொல்லும். நீள வில்லும் குட்டை வில்லும் ஒரே அளவு இழுக்கணும்னா, குட்டை வில்லு இன்னும் சின்ன வட்டமா வளைஞ்சாகணும்.

கணக்கு கொஞ்சம் போட்டா தெளிவா புரியும். வில்லோட கை (புடிக்கு மேலயும் கீழயும் வளையுற பாகத்தை கைன்னு சொல்றேன்) 12 மில்லிமீட்டர் தடிமன்னு வைங்க. நடுத்தளத்துலேர்ந்து முதுகுத் தோலு 6 மில்லிமீட்டர் தள்ளி இருக்கு. 60 சென்டிமீட்டர் ஆரம் உள்ள வட்டமா வளைச்சா முதுகுத் தோலு 1% நீளணும். 40 சென்டிமீட்டர் ஆரத்துக்கு வளைச்சா 1.5% நீளணும். கேக்கறதுக்கு அரை பர்சன்ட்தானேன்னு தோணும், ஆனா நல்ல வில்லு மரமே ஏறக்குறைய 1% கிட்ட நீண்டா எல்லைக்கு வந்துரும். அதுக்கு மேல கேட்டா ஒடையும்.

அதனாலதான் வெறும் மரத்துல 28 இஞ்சு இழுக்குற வில்லு வேணும்னா 66 இஞ்சு கிட்ட நீளம் வச்சு செய்றாங்க, அதாவது கிட்டத்தட்ட ஆள் உயரம். குதிரை மேல உக்காந்து விடணும், இல்ல புதர்க்காட்டுக்குள்ள குனிஞ்சு போகணும்னா ஆள் உயர வில்லு சள்ளை. கையை இன்னும் மெலிசாக்கினா சின்ன வட்டமா வளையும், உண்மைதான், ஆனா அம்பைத் தள்ள தெம்பு இருக்காது. இங்கதான் நரம்பு வருது.

நரம்போட மூணு வேலை

நம்ம ஆளுங்க நரம்புன்னு சொல்றது தசைநாண், சதையை எலும்போட கட்டி வைக்கிற வெள்ளைப் பட்டை. வலி தெரியவைக்கிற நரம்பு இல்ல. இனிமே நரம்புன்னாலே இந்தத் தசைநாணைத்தான் சொல்றேன். இதுல பெரும்பாலும் இருக்குறது கொலாஜென்னு ஒரு புரதம், நீளவாக்குல கத்தை கத்தையா அடுக்கி இருக்கும். மரம் ஒடையுற அளவைப் போல பல மடங்கு இது நீண்டு கொடுத்துட்டு திரும்ப பழைய நீளத்துக்கு வந்துரும்.

முதல் வேலை இதுலேர்ந்தே வருது. வில்லோட முதுகுல, நீளவாக்குல, பசை போட்டு நரம்பு நாரை ஒட்டிட்டா, ரொம்ப நீள வேண்டிய அந்த மேல்தோலு இப்ப மரம் இல்ல, நரம்பு. மரம் கொஞ்சம் உள்ள தள்ளி, நடுத்தளத்துக்குக் கிட்ட வந்துருது. அதோட மரத்துல ஒரு நார் கிளம்பப் பாத்தாலும் மேல இருக்குற நரம்பு அதை அமுக்கிப் புடிச்சிக்கும்.

ரெண்டாவது வேலை யாரும் பேசாதது, எனக்கு ரொம்ப புடிச்சதும் இதான். ஈரமா ஒட்டுன நரம்பும் பசையும் காயக் காய சுருங்கும். சுருங்குறப்ப மரத்தோட முதுகை சேத்து இழுக்கும். நாண் இல்லாத வில்லு குறியைப் பாத்து, அதாவது வழக்கமா வளையுற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமா, தானாவே வளைஞ்சிரும். இந்த எதிர்வளைவுக்கு ரிஃப்ளெக்ஸ்னு பேரு. முதுகு மரம் ஏற்கனவே கொஞ்சம் நசுங்கி உக்காந்திருக்கு, அதனால இழுக்குறப்ப அது நீள வேண்டியது அந்தளவுக்குக் குறைவு. இன்னொண்ணு, எதிர்ப்பக்கம் வளைஞ்சிருக்குறதை இந்தப் பக்கம் கொண்டுவந்து நாண் மாட்டுறதால, மாட்டுனப்பவே நாண் விறைப்பா நிக்கும், இழுக்க ஆரம்பிச்ச முதல் இஞ்சுலேர்ந்தே கனம் தெரியும். அம்புக்குப் போற சக்திங்கிறது கடைசி இஞ்சுல எவ்ளோ கனம்ங்கிறது மட்டும் இல்ல, முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் எல்லா இஞ்சுலயும் நீங்க போட்ட உழைப்பு மொத்தமும். அதான் இந்த வில்லு வேகமா விடுது.

மூணாவது, மரம் செட்டு ஆகப் பாக்குறப்ப நரம்பு அதை திரும்ப இழுத்து நேராக்கிக்கிட்டே இருக்கும்.

அப்ப "நரம்பு நெறைய ஒட்டுனா நெறைய பவரு"ங்கிறது? பக்கத்து லயத்துத் தம்பி ஒருத்தன் இதேதான் கேட்டான், "அண்ணே, ஆறு அடுக்கு ஒட்டிட்டா என்ன?" "இழுக்குற கனம் கொஞ்சம் ஏறும்டா தம்பி, கையோட பாரமும் சேந்து ஏறும். நீ இழுத்து விட்ட சக்தியில பாதி அந்தக் கையை முன்னாடி தள்றதுக்கே போயிட்டா அம்புக்கு என்ன மிஞ்சும்?" நரம்பு மரத்தை விட கனமான சாமான். அதனாலதான் பழைய வில்லுகள்ல முனைக்குப் போகப் போக நரம்பை மெலிசாக்கிடுவாங்க. இழுக்குற கனம் மட்டும்தான் வேணும்னா மரத்தையே கொஞ்சம் தடிமனா விட்டாப் போதும், நரம்பு தேவையே இல்ல. மரத்தைக் குட்டையா வச்சும் ஒடையாம வளைக்கணும்னாதான் நரம்பு.

சுருக்கமா: மேல்தோலா இருந்து நீளுது, காஞ்சு சுருங்கி வில்லை எதிர்ப்பக்கம் இழுக்குது, செட்டு ஆக விடாம புடிக்குது.

மங்கோலியா வில்லு இது இல்ல

நரம்பு முதுகைக் காப்பாத்திருச்சு, சரி. வயிறு? வயித்துக்கு அது ஒண்ணுமே பண்ணல. குட்டை வில்லுல வயித்து மரம்தான் அடுத்து மாட்டிக்கிற ஆளு. மங்கோலிய, துருக்கிய, கொரிய வில்லுக்காரங்க அதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சாங்க, வயித்துப் பக்கம் எருமை மாதிரி மிருகத்தோட கொம்பை ஒட்டிட்டாங்க. கொம்பு நசுங்குறதை மரத்தை விட நல்லா தாங்கும். முதுகுல நரம்பு, நடுவுல மரமோ மூங்கிலோ, வயித்துல கொம்பு. அதுக்குப் பேரு கூட்டு வில்லு. அது தனிக் கலை, இங்க தொடப் போறதில்ல.

நாம பேசுறது கொம்பு இல்லாதது, மரமும் நரம்பும் மட்டும். இது வட அமெரிக்காவுல பூர்வகுடி மக்கள் கையில நல்லா வளந்துச்சு. சமவெளியில குதிரை மேல வேட்டைக்குப் போனவங்ககிட்ட குட்டை வில்லு இருந்துச்சு. கலிபோர்னியா பக்கம் ஜூனிப்பர், யூ மரத்துல அகலமா மெலிசா செஞ்சு மான் நரம்பு ஒட்டுனாங்க. யாஹி இனத்துல கடைசியா மிஞ்சுன இஷின்னு ஒருத்தர் 1911ல ஓரோவில் ஊருக்கு வந்தாரு, 1916ல சாகுற வரைக்கும் சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்துலதான் இருந்தாரு. அவரு வில்லு செஞ்ச விதத்தை அவருக்கு வைத்தியம் பாத்த டாக்டர் சாக்ஸ்டன் போப் பக்கத்துல இருந்து பாத்து எழுதி வச்சாரு. ஜூனிப்பர் கட்டை, மான் பின்னங்கால் நரம்பு, அதை வாயில போட்டு மென்னே நாராக்குவாராம், பசைக்கு சால்மன் மீன் தோலு. பட்டறையும் இல்ல மெஷினும் இல்ல.

மரம் எப்படி இருக்கணும்

வயிறு நசுங்குறதுதான் மிச்சமுள்ள பிரச்சனைங்கிறதால, நசுங்குறதை நல்லா தாங்குற மரம் வேணும். ஓசேஜ் ஆரஞ்சு, யூ, ஜூனிப்பர் எல்லாம் அதுக்குப் பேரு போனது. ஆஷ், ஹிக்கரிலயும் செய்றாங்க, அகலத்தைக் கொஞ்சம் கூட்டிக்கிட்டா சரி.

நம்ம ஊர்ல முதல்ல வர்ற கேள்வி, "கித்தா மரத்துல செய்யலாமா?" தோட்டத்துல பழைய மரத்தைச் சாய்க்கிறப்ப கட்டை சும்மா கெடக்குது, ஆசையாத்தான் இருக்கும். ஆனா கித்தாக் கட்டையில மாவுச்சத்து அதிகம், வெட்டுன கொஞ்ச நாள்லயே பூஞ்சையும் துளைப்பூச்சியும் ஏறிரும். ஃபர்னிச்சர் கடையில விக்கிற கித்தாப் பலகை பூச்சி புடிக்காம மருந்து ஏத்துனதுதான், ஆனா அது பெரும்பாலும் துண்டு துண்டா பல்லு வெட்டி ஒட்டுனது. ஒட்டு இருக்குற பலகை வில்லுக்கு வேணவே வேணாம். மெராந்தி மாதிரி நம்ம நாட்டு மரங்கள்ல நெறைய மரத்துக்கு நார் ஒரு அடுக்கு இப்படியும் அடுத்த அடுக்கு அப்படியும் பின்னிக்கிட்டு ஓடும், மேசைக்கு அழகு, வில்லுக்கு ஆகாது. முனையிலேர்ந்து முனை வரைக்கும் நார் கோடு வெளிய ஓடாம நேரா போற பலகை ஒண்ணு, இறக்குமதி ஆஷ்ல தேடிப் புடிங்க. நரம்பு ஒட்டிட்டா மட்டமான மரமும் நல்ல மரமாயிரும்னு சிலர் சொல்றதை நம்பாதீங்க, சின்னச் சின்ன குறையைத்தான் அது மன்னிக்கும்.

கட்டையை செதுக்கி, தரையில ஒரு முனையை ஊனி அழுத்துனா சீரா வளையுற அளவுக்குக் கொண்டுவந்துட்டு நிறுத்திரணும். நரம்பு அதுக்கப்புறம்தான்.

நரம்பை நாராக்குறது

முதுகெலும்பு ஓரமா ஓடுற அகலமான நரம்பு நீளமா கெடைக்கும், வேலையும் சுலபம், ஆனா நம்ம பசார்ல கறி வெட்டுற முறையில அது முழுசா வர்றது கஷ்டம். கால் நரம்புதான் கெடைக்கும். பசார்ல மாட்டுக்கறி கடையில மலாய்ல ஊராட்டுன்னு கேட்டா எடுத்துக் குடுப்பாங்க, சூப்புக்கு வாங்குறதுதான், ஆனா துண்டு போடாம முழு நீளமா வேணும்னு முன்னாடியே சொல்லி வைக்கணும். வேக வச்சதோ கொதிக்க வச்சதோ ஆகாது, கொதிச்சாலே அது பசையா கரைய ஆரம்பிச்சிரும்.

மாட்டுக்கறி வாசப்படி ஏறாத வீடு நம்மள்ல நெறைய இருக்கு. அம்மா இருக்குற சமையக்கட்டுல இதைக் கொண்டாந்து வச்சா வில்லு செய்றதுக்கு முன்னாடி நீங்க வெளிய நிக்கணும். ஆட்டுக்கால் நரம்பும் ஆகும், குட்டையா இருக்கும், அவ்ளோதான். ஆட்டுக்கறி கடை அண்ணன்கிட்ட, "அண்ணே, கால் வெட்டுறப்ப பின்பக்கத்து நரம்பை மட்டும் முழுசா எடுத்து வச்சிருங்க"ன்னு கேட்டா, "எதுக்கு தம்பி, மூட்டுவலி மருந்துக்கா?"ம்பாரு. வில்லுக்குன்னு சொல்லிப் பாருங்க, கோயில் நாடகத்துக்கு ராமர் வேஷமான்னு கேட்டுட்டு சும்மாவே குடுத்துருவாரு. மான் நரம்புக்கு ஆசைப்பட்டு காட்டுப் பக்கம் கண்ணி வைக்கிற வேலை மட்டும் வேணாம், 2010ல வந்த வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் இருக்கு, மாட்டுனா வில்லு விலையை விட எத்தனையோ மடங்கு கட்டணும்.

ஒட்டியிருக்குற சதை, கொழுப்பு, மேல சுத்தியிருக்குற சவ்வு எல்லாத்தையும் மழுங்கின கத்தியால சுரண்டி எடுத்துட்டு, கொசுவலை சுத்துன கூண்டுக்குள்ள தொங்கவிட்டு காத்துல காய வைங்க. கூண்டு எதுக்குன்னா ஈ, பூனை, எறும்பு எல்லாத்துக்கும் இது கறிதான். வெள்ளையா வழுவழுன்னு இருந்தது கொஞ்சம் கொஞ்சமா மஞ்சளாகி, அப்புறம் தேன் கலர்ல கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவுற மாதிரி ஆகி, மேசையில தட்டுனா டொக்குன்னு கேக்கும். அப்பதான் சரி.

அதை ஒரு மரக்கட்டை மேல வச்சு மரச் சுத்தியலாலயோ உருண்டைக் கல்லாலயோ தட்டணும். இரும்புச் சுத்தியலோட விளிம்பு பட்டா நார் அறுந்துரும். முதல்ல ஒண்ணும் ஆகாத மாதிரி இருக்கும், ஒரே எடத்துல பொறுமையா தட்டிக்கிட்டே இருந்தா அந்தத் தேன் கலரு திடீர்னு வெளுத்து, மேல்தோலு செதில் செதிலா உதிரும், உள்ள இருக்குற கத்தை பஞ்சு மாதிரி பிரிஞ்சு வரும். முனையை ரெண்டு கையால புடிச்சு கிழிச்சுக்கிட்டே போகணும், பாதி, அதுல பாதி, அதுல பாதின்னு, தையல் நூல் தடிமனுக்கு வர்ற வரைக்கும். விரல் நுனி வலிக்கும். ரெண்டு கால் நரம்புல வில்லு முடிஞ்சிரும்னு நெனைக்காதீங்க, ஒரு கை நெறைய நரம்பு கிழிச்சா கெடைக்குற நார் கத்தையைப் பாத்தா அழுகை வரும். நீளம், நடுத்தரம், குட்டைன்னு பிரிச்சு கட்டி வைங்க, நீளமெல்லாம் மேல் அடுக்குக்கு.

பசை: ஜெலட்டின் ஆகும், அகார் அகார் ஆகாது

பழைய முறையில பசைன்னா விலங்குத் தோலையும் நரம்பையும் சூடு தண்ணியில கரைச்சு எடுக்குறது, மீன்லேர்ந்தும் எடுப்பாங்க. எல்லாம் அதே கொலாஜென்தான். நரம்பும் கொலாஜென், பசையும் கொலாஜென், அதனால ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஊறி, ஒண்ணா சுருங்கி, காஞ்சப்புறம் எது நரம்பு எது பசைன்னு பிரிக்க முடியாது. எப்பாக்ஸி நல்லாதான் ஒட்டும், ஆனா ஈர நாருக்குள்ள ஊறாது, கூட சுருங்கவும் செய்யாது, நரம்போட ரெண்டாவது வேலைன்னு சொன்னேன் பாத்தீங்களா, அது அம்போ.

தோல் பசை கெடைக்கலன்னா கேக் சாமான் கடையில விக்கிற சாதா ஜெலட்டின் போதும், அதுவும் அதே சாமான்தான், சுத்தம் பண்ணது. அகார் அகார் தூளை வாங்கிட்டு வந்துராதீங்க, அது கடல்பாசி, நரம்புக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

பச்சத் தண்ணியில ஊற வச்சு, பெரிய சட்டியில தண்ணி வச்சு அதுக்குள்ள சின்னக் கிண்ணத்துல பசையை வச்சு சூடு காட்டணும், நேரா அடுப்புல வைக்கக் கூடாது. 60 டிகிரி செல்சியஸ் கிட்ட வச்சிக்கணும். கொதிக்க விட்டா பசையோட சத்து போயிரும். பதம் எப்படின்னா, குச்சியில எடுத்தா தேனை விட கொஞ்சம் நீர்த்து வழியணும்.

ஒட்டுறது

வில்லு முதுகை ஹேக்சா பிளேடால நீளவாக்குல கீறி சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு போக சுடுதண்ணியும் சோப்பும் போட்டு கழுவி காய வச்சு, அதுக்கப்புறம் கையால தொடாதீங்க. நீர்த்த பசையை ரெண்டு மூணு தடவை பூசி காய விடணும், மரம் பசையைக் குடிச்சு முடிச்சிரணும், இல்லன்னா நரம்புல இருக்குறதை குடிச்சிரும்.

ஒரு சின்னக் கத்தை நாரை தண்ணியில நனைச்சு பிழிஞ்சு, சூடு பசையில முக்கி, ரெண்டு விரலுக்கு நடுவுல வழிச்சு விட்டா நூடுல்ஸ் மாதிரி வழுக்கிக்கிட்டு வரும். அதை நடுப் புடியிலேர்ந்து முனையைப் பாத்து நீளவாக்குல வச்சு, விரலால தட்டையா அமுக்கி சீவணும். அடுத்த கத்தை அதோட முனை மேல கொஞ்சம் ஏறி உக்காரணும். பக்கத்து வரிசையில சேர்ற எடம் தள்ளி வரணும், செங்கல் சுவருல வைக்கிற மாதிரியே, ஒரே எடத்துல எல்லா முனையும் சந்திச்சா அங்கதான் கிழியும். ஒரு அடுக்கு முடிஞ்சா காய விட்டு அடுத்தது. ரெண்டு மூணு அடுக்கு ஆரம்பக்காரங்களுக்கு தாராளம்.

நம்ம ஊரு சூட்டுல ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கு. இந்தப் பசை ஆறுனா உறையுற பசை, குளிர் நாட்டுல கையில இருக்குறப்பவே உறைஞ்சிரும்னு அவசரப்படுவாங்க, இங்க சாவகாசமா ஒட்டலாம். கெட்டது, உறையாம ஈரமாவே ரொம்ப நேரம் கெடந்தா அழுகிரும், ஊரே மூக்கைப் புடிக்கும். ஏர்கான் இருக்குற அறையில வேலை பண்றது நல்லது.

மழை ஊர்ல காய வைக்கிறது

பாதி வில்லு இங்கதான் இருக்கு. நரம்பு காயறதுக்கு வாரக்கணக்குல, சில பேரு மாசக்கணக்குல விடுறாங்க. மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம் இருக்கும். அவசரப்பட்டு வெயில்ல வச்சா மேல்தோலு மட்டும் சுருங்கி வெடிக்கும், இல்ல ஓரத்துல மரத்தை விட்டு கழண்டுக்கும்.

காத்துல இருக்குற ஈரத்துக்கு ஏத்த மாதிரி மரமும் நரம்பும் ஈரத்தை இழுத்துக்கும். ஈரப்பதம் 50% உள்ள காத்துல மரம் 9% கிட்ட ஈரத்தோட நிக்கும், வில்லுக்கு அது நல்ல அளவு. நம்ம ஊர்ல ஈரப்பதம் 80%ஐ ஒட்டியே இருக்கும், அதுல மரம் 16% கிட்ட ஈரத்தைப் புடிச்சு வச்சிக்கும். அந்த ஈரத்துல மரம் சுலபமா நசுங்கி செட்டு ஆகும், நரம்பு தளரும், பசை மெத்துன்னு ஆகும், கஷ்டப்பட்டு வந்த ரிஃப்ளெக்ஸ் அப்படியே கரைஞ்சு போகும்.

இது நமக்கு மட்டும் வந்த தலைவலி இல்ல. 1388ல கொரியாவுல, இப்ப சீனாவுல இருக்குற லியாவ்தொங் மேல படையெடுக்கச் சொன்னப்ப, தளபதி யி சொங்கே வேணாம்னு நாலு காரணம் சொன்னாரு, அதுல ஒண்ணு, மழைக்காலம், வில்லுல பசை இளகிரும்ங்கிறது. அப்புறம் அவரு பாதி வழியில படையைத் திருப்பி, ராஜாவையே எறக்கி, கடைசியில அவரே ராஜா ஆனது வேற கதை. கொரியாகாரங்க பிற்காலத்துல கொம்பு வில்லை லேசா சூடு உள்ள பெட்டியில வச்சு காப்பாத்துனாங்க.

அந்தப் பெட்டியை நாமளும் செய்யலாம். பிளைவுட்ல ஒரு நீளப் பெட்டி, கீழ பழைய காலத்து இழை பல்பு ஒண்ணு, மேல காத்து போக சின்ன ஓட்டை. எல்இடி பல்பு அவ்வளவா சூடாகாது, பிரயோஜனமில்ல. 28 டிகிரியில 80% ஈரப்பதமா இருக்குற காத்தை 38 டிகிரிக்கு சூடாக்குனா, தண்ணி அதே அளவுதான், ஆனா ஈரப்பதம் 46% கிட்ட எறங்கிரும். பத்தே டிகிரி. பல்பு பலகைல படாம தள்ளி இருக்கணும், ஆளில்லாத வீட்டுல போட்டுட்டுப் போகாதீங்க. ஒட்டி முடிச்ச உடனே பெட்டிக்குள்ள வைக்காம, முதல் கொஞ்ச நாள் ஃபேன் காத்துல விட்டு, மேல நல்லா இறுகுன பிறகு உள்ள வைங்க. பெட்டியில எலியும் கரப்பானும் நுழையாத மாதிரி வலை அடிச்சிருங்க, நரம்பு நமக்கு வில்லு, அதுங்களுக்கு சாப்பாடு.

காஞ்சிருச்சான்னு தெரிஞ்சிக்க ஒரு வழி, வாரத்துக்கு ஒரு தடவை தராசுல வச்சுப் பாருங்க. கனம் குறையறது நின்னா காஞ்சிருச்சு.

சீரா வளைய வைக்கிறது

ரெண்டு கையும் ஒரே மாதிரி வளையற வரைக்கும் செதுக்கி சரிபண்றதுக்கு டில்லரிங்னு பேரு. இதுல ஒரே ஒரு சட்டம், செதுக்கறதெல்லாம் வயித்துப் பக்கம்தான், நரம்பைத் தொடவே கூடாது, நாரை அறுத்தா அங்கேர்ந்து உரியும். தடிமன்ல 10% எடுத்தா விறைப்புல 27% போயிரும், அதனால ரம்பம், பாரங் கத்தி எல்லாம் ஓரமா வச்சிட்டு சுரண்டியாலதான் இந்த வேலை. கொஞ்சம் சுரண்டி, நாண் மாட்டி, கொஞ்ச தூரம் பல தடவை இழுத்து பழக்கி, எங்க விறைப்பா நிக்குதுன்னு பாத்து அங்க மட்டும் மறுபடி சுரண்டணும். 50 இஞ்சு வில்லுன்னா 24 இஞ்சு இழுப்போட நிறுத்திக்குங்க. அம்பு இல்லாம இழுத்து சும்மா விட்டுராதீங்க, அம்புக்குப் போக வேண்டிய அடி மொத்தமும் வில்லுக்கே விழும்.

முடிஞ்சப்புறம் முதுகு மேல மெல்லிசா தோலோ பாம்புச் சட்டையோ ஒட்டி, கொழுப்பு தடவுறது பழைய வழக்கம், இப்ப வார்னிஷ் அடிக்கிறாங்க. இதெல்லாம் மழைத் தண்ணியைத் தடுக்கும், காத்துல இருக்குற ஈரம் உள்ள ஏறுறதை மெதுவாக்கும், முழுசா நிறுத்தாது. அம்பு விடாத நாள்ல நாணை அவுத்து பெட்டியிலதான் வைக்கணும்.

பசையே வேணாம்னா

இவ்ளோ தொல்லை எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு ரெண்டு விஷயம். ஒண்ணு, நம்ம சுங்கை சிப்புட் மேட்டுல பிளஸ் ஆத்துப் பக்கம் இருக்குற தெமியார் பூர்வகுடி ஆளுங்க கையில இருக்குறது மூங்கில் சும்பிட், ஊதுகுழல். அதுல விலங்குப் பசையும் இல்ல நரம்பும் இல்ல, மழைக்காட்டுக்கு அது எவ்ளோ பொருத்தம்னு இந்த வேலையில எறங்கினாதான் தெரியும்.

இன்னொண்ணு, வடதுருவத்துப் பக்கம் இனுவிட் மக்கள் நரம்பைப் பசை போட்டு ஒட்டல. நரம்பைக் கயிறா பின்னி, வில்லு முதுகு மேல முனைக்கு முனை பல தடவை ஓட்டி, அங்கங்க குறுக்கா கட்டி வச்சாங்க. கடல்ல ஒதுங்குன கட்டையில கூட இப்படி வில்லு செஞ்சாங்க. கயிறுக்கட்டுக்கு நடுவுல எலும்புக் குச்சியை விட்டு முறுக்கினா விறைப்பு ஏறும், தளர்த்தினா எறங்கும். ஒட்டுன வில்லு மாதிரி வேகம் எதிர்பாக்க முடியாது, ஆனா முதல் வில்லு இந்த ஊர்ல செய்றவங்களுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன். அடுக்கடுக்கா ஒட்டி மாசக்கணக்குல பல்புக்கு கரண்ட் கட்ட வேணாம், நவம்பர் மழையில கயிறு தொய்ஞ்சா அவுத்து காய வச்சு திரும்ப முறுக்கிக் கட்டிக்கலாம்.